எலுமிச்சையில் குளித்த கெண்டை

அவளைக் கண்டால் மீனுக்குள் இருக்கும் புழு தானாக வெளியே வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போகும் என்று பண்ணையில் சொல்வார்கள். கும்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. மற்றபடி ‘பூதக்கண்ணி’ என்ற பட்டம் நியாயமானதுதான்.

மீன் பண்ணையின் குளிர்ந்த கொட்டகையில், அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் மீன் துண்டங்களைப் பரப்பிப் பார்ப்பது அவள் வேலை. சதைக்குள் நூல்போல நிழல் சுருண்டிருந்தால் இடுக்கியால் ஒரே இழுப்பு. பதினோரு வருடமாக ஒரு துண்டமும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையை அவளைவிட அவள் புருஷன்தான் அதிகம் சுமந்து திரிந்தான்.

அன்று மத்தியானம் வீடு திரும்பினால், சமையலறை மேசையில் பண்ணைக் கெண்டை மெல்லிய சீவல்களாக எலுமிச்சைச் சாற்றில் மிதக்கிறது. அக்கா புருஷன் முள்கரண்டியோடு தயார்.

“தைரியமா சாப்பிடுங்க சகலை! இவ பார்த்து அனுப்புன மீனு. அடுப்பே வேண்டாம்,” என்றான் புருஷன்.

“எலுமிச்சையிலயே வெந்துடுமாமே!” என்றார் அவர்.

அவள் மேசையருகே விரைந்தாள். நான்கு மாதம் முன்பு பண்ணைக்கு வந்த கால்நடை மருத்துவர், அவள் ‘சுத்தம்’ என்று ஒதுக்கிய துண்டத்தில் ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் காட்டியிருந்தார். அதற்குள் குட்டிப் புழு சுருண்டு கிடந்தது. குளத்து நத்தையிலிருந்து மீனுக்கு. பச்சையாகத் தின்றால் மனிதன் ஈரலுக்கு, அங்கே வருடக்கணக்கில் குடித்தனம். ‘நன்றாக வேகவைக்கவும்’ என்று உறையிலேயே அச்சடித்திருக்கிறதே, நாம் வேறு சொல்லிப் பேரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

“அத்தான், கரண்டியக் கீழ வைங்க.”

“ஏம்மா, எனக்குக் குடுக்க மனசில்லையா?”

“மனசு நிறைய இருக்கு. உங்க ஈரல் மேலயும் இருக்கு.” மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்: “நூல் புழுதான் என் கண்ணுக்குத் தெரியும். இதுல இருக்கக்கூடியது தெரியாது. எலுமிச்சையில குளிச்சுட்டு ஜம்முன்னு உள்ள போயிடும்.”

புருஷன் முகம் காற்றுப்போன பலூன். “அப்போ நான் ஊரெல்லாம் சொன்னது?”

“ஊரு அடுப்புல வேகவெச்சுத்தான் திங்குது. நீங்க ஒருத்தர்தான் என் கண்ணுலயே வேகவெச்சீங்க!”

அக்கா புருஷன் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. சீவல்கள் கொதிநீருக்குப் போயின. நன்றாக வெந்து வந்ததும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை, பண்ணைக் காவலாளி எழுந்து நின்றே வணக்கம் சொன்னார். “உங்க வீட்டுக்காரர் சொன்னார். கண்ணுக்கே தெரியாத புழுவையும் கண்டுபிடிச்சுட்டீங்களாமே!”

மறுக்கத்தான் வாயைத் திறந்தாள்.

“மீனை நல்லா வேகவெச்சு சாப்பிடுங்கண்ணே,” என்று மட்டும் சொல்லிவிட்டு, விளக்கைப் போடப் போனாள்.