கல்யாணப் பார்ட்டி வராத கடை

போன வாரம் காந்தி ரோடு பட்டுக் கடை ஒன்றில், ஒரு விற்பனையாளர் தன் முதலாளிக்கே வேட்டு வைத்ததைப் பார்த்தேன். அதுவும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். பாயில் நாங்கள் பதினோரு பேர். பதினோரு அபிப்பிராயம். புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் ஏகாம்பரம். அந்தக் கடையில் முப்பது வருஷமாக இருக்கிறார். எங்கள் வீட்டுக் கல்யாணம் அத்தனைக்கும் அவர்தான்.

அப்போது ஒரு பெண்மணி பையோடு உள்ளே வந்தார். முதல் தடவை நனைத்ததுமே பார்டர் சாயம் புடவை முழுக்க இறங்கிவிட்டது என்று ஏகாம்பரத்திடம் தணிந்த குரலில் சொன்னார்.

இதற்கென்று எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பார்ட்டி உட்கார்ந்திருக்கும்போது புகார் வந்தால், அந்த நொடியே ஆளைப் பின்னறைக்கு அழைத்துப் போய்விட வேண்டும். குடிக்கக் கலர் வாங்கித் தர வேண்டும். கேட்டதைக் கொடுத்து அனுப்ப வேண்டும் — பாயில் இருப்பவர்கள் காதில் விழுவதற்குள். முப்பது வருஷமாக அந்த வேலையைச் செய்கிறவர் ஏகாம்பரமேதான்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“மெதுவா சொல்லாதீங்கம்மா. இங்கியே நின்னுக்கினு சத்தமா சொல்லுங்க.”

கல்லாவில் இருந்த முதலாளி ஓடி வந்தார். ஐந்தே நிமிஷத்தில் அந்த அம்மாவுக்கு வேறு புடவை. ஏகாம்பரத்துக்கு ஒரு முறைப்பு.

“என்ன ஆச்சு உங்களுக்கு?” என்றேன்.

“அமெரிக்கா போயிட்டு வந்தேன் சார்” என்றார், டைஃபாய்டு வந்து போன மாதிரி.

அவர் மகள் கல்பனா அங்கே இருக்கிறாள். முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டது. பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்கிறார் அவளைப் பரிசோதித்த டாக்டர். தேவையில்லை, பணம் தர முடியாது என்று கடிதம் அனுப்பிவிட்டது இன்ஷூரன்ஸ் கம்பெனி — அவளைப் பார்க்காமலே.

ஏகாம்பரம் மாப்பிள்ளையைக் காரை எடுக்கச் சொன்னார். வேட்டியோடு நேராகக் கம்பெனி ஆபீசுக்கே போய்விட்டார். கண்ணாடிக் கட்டடம். ஹாலில் ஒரு செக்யூரிட்டி மட்டும். இவர் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்... எதற்கு? யாராவது பாலிசி வாங்க வருவார்கள், அவர்கள் எதிரில் சத்தம் போடலாம் என்று!

“முக்கா மணி நேரம் நின்னேன் சார். பாலிசி வாங்க ஒருத்தர்கூட வரல. இன்னாபா, வியாபாரமே இல்லியேன்னு மாப்பிளைய கேட்டேன். ‘இங்க யாரும் நேர்ல வந்து வாங்க மாட்டாங்க மாமா. எங்களுக்கு எந்த இன்ஷூரன்ஸ்னு என் ஆபீஸ்தான் முடிவு பண்ணும்’னாரு.”

புடவை கட்டுவது ஒருத்தி. கடையைத் தேர்ந்தெடுப்பது வேறு யாரோ. அப்புறம் சாயம் போனால் கடைக்காரருக்கு என்ன கவலை?

“சரி, அந்த ஊரு எம்.பி. வூட்டாண்ட போய் ஒரு மனு குடுக்கலாம்னேன். அவரு எலெக்‌ஷனுக்குப் பணம் குடுத்ததே இந்தக் கம்பெனிதானாம். இன்டர்நெட்லயே போட்டிருக்குது சார்! ஒளிச்சு வைக்கணும்னுகூட அவங்களுக்குத் தோணல.”

குரலில் கோபம் இருந்தது. அதைவிட, தொழில் தெரிந்தவரின் ஏமாற்றம் அதிகம் இருந்தது.

அந்த ஆபீசை விட்டு வெளியே வந்தால் நடைபாதையில் ஒரு கூட்டம். அட்டைகள், கோஷம். ஒரு பெண் இறந்துபோன கணவரின் படத்தை நெஞ்சோடு பிடித்திருந்தாளாம். பலர் கையில் கல்பனாவுக்கு வந்த அதே கடிதம். பெயர் மட்டும் வேறு.

“நான் தேடின கூட்டம் வெளியதான் சார் நின்னுக்கினு இருந்துது. ஆனா வாங்க வந்தவங்க இல்ல... அத்தினி பேரும் சாயம் போன புடவையோட வந்தவங்க.”

ஏகாம்பரமும் அவர்களோடு நின்று தமிழில் கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளே இருந்த செக்யூரிட்டி, யாரும் பார்க்காதபோது கட்டை விரலை உயர்த்திக் காட்டினாராம். அவருக்கும் அதே இன்ஷூரன்ஸோ என்னவோ.

எனக்குச் சிரிப்பு வந்தது. நின்றுகொண்டே சாப்பிடும் கல்பனாவை நினைத்ததும் வெட்கமாகிவிட்டது.

எங்கள் ஊர் முதலாளிகள் அமெரிக்க முதலாளிகளைவிட நல்லவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே பாயில் பதினோரு பேர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

“கல்பனாவுக்கு இப்போ எப்படி இருக்கு?”

“மூணாவது வாட்டியும் இல்லன்னுட்டாங்க சார். இங்கியே வந்து பண்ணிக்கட்டும்னு டிக்கெட் போட்டாச்சு. அடுத்த வாரம் வர்றா.”

“உட்காரவே முடியாதே... அவ்வளவு தூரம் எப்படி வருவா?”

ஏகாம்பரம் விரித்த புடவையை மடிக்க ஆரம்பித்தார். கரையோடு கரை சேர்த்து, நிதானமாக.

“பிளேன்ல எழுந்து எழுந்து நின்னுக்கினுதான் வரணும் சார். ஏர்போர்ட்ல வீல் சேர் வேணும்னு பிளேன் கம்பெனிக்கு ஃபோன் பண்ணியிருக்கா. நெசமாவே தேவையான்னு ஒரு கேள்விகூட கேக்கலியாம். உடனே சரின்னுட்டாங்க.”