அக்கா நம்பாத டெஸ்ட்

அக்காவுக்கு வினிகர் டெஸ்ட் மேல்தான் நம்பிக்கை. குன்னூருக்குக் கீழே அவள் கொழுந்து பறிக்கும் எஸ்டேட்டில் முன்பு ஒரு கேம்ப் போட்டார்கள். கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற மருந்தைத் தடவி, வெள்ளைத் திட்டு ஏதும் தெரிகிறதா என்று நர்ஸ் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கூச்சத்தில் அக்கா அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

போன வருடம் புது டெஸ்ட் வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பது. சின்ன பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்து, மறைவில் போய் நீங்களே எடுத்து வாருங்கள் என்றார்கள். இதில் வைரஸ் இல்லையென்றால் பல வருடம் நிம்மதி, வினிகரில் பார்த்தால் சீக்கிரமே மறுபடியும் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் விளக்கினார். அக்கா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். வைரஸ் இருப்பதாக வந்தது. ஊட்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அவள் போகவில்லை.

"நர்சம்மா கண்ணால பாத்து நல்லாருக்குன்னாங்க. இது நானா எடுத்தது. தப்பா எடுத்திருப்பேன் புள்ள."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மா போனபின் என்னைப் படிக்கவைத்து ஆபீஸ் வேலைக்கு அனுப்பியவள் அவள். அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

"ஏங்க்கா, தேயிலைல கொப்புள நோய் தெரிஞ்சப்புறமா மருந்தடிக்கிறாங்க? மழை புடிச்சதுமே அடிக்கறாங்கல்ல? வினிகர்ல கண்ணுக்குத் தெரியறது மட்டுந்தான் தெரியும். இது அதுக்கும் முன்னாடியே சொல்லிருது."

அக்கா கேட்டாள்: "ஊட்டிக்கு எங்கூட வருவியா?"

அவளுக்குப் பயம்தான், வேறொன்றுமில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அடுத்த முறை அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே பஸ்ஸில் கேரட் கடித்துக்கொண்டு வந்தாள்.

மறுபடியும் கேம்ப் அறிவித்தபோது எஸ்டேட் லயத்து வீடுகளில் குடியிருக்கும் பெண்கள் பின்வாங்கினார்கள். என் அக்காவைப் பற்றி ஏதேதோ பேச்சு. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், ஆண்களும் நிற்கும்போதே, ஆபீசுக்குக் கிளம்பிய நான் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முன்னால் போய் நின்றாள். கர்ப்பப்பை என்ற வார்த்தையை என்னிடம்கூடச் சொல்லக் கூசியவள்.

"ஏனுங்க, குசுகுசுன்னு பேசாதீங்க. எனக்குத்தான் கர்ப்பப்பை வாயில கோளாறு. புத்துநோயா மாறதுக்குள்ள எடுத்துட்டாங்க. வினிகர்ல நல்லாருக்குன்னு சொன்னவங்களும் இந்த பிரஷ் டெஸ்ட எடுங்க. பயந்தவங்க எங்கூட வாங்க."

சிரிக்கப் பார்த்த ஒருவன் வாயை மூடிக்கொண்டான். வயதான ஓர் அம்மாள் முதலில் கையைத் தூக்கினாள், பிறகு இன்னும் சிலர். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நின்ற வாட்ச்மேனிடம், "அது எங்க அக்காங்க," என்றேன்.