முதல் வருடத்துப் பிள்ளைகளை வார்டுக்கு அழைத்து வந்தவள்

ரஹ்மத் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் புறநோயாளிகள் பிரிவில் இருந்தேன். அவளுடைய தம்பிதான் போனில் சொன்னார். "அக்கா, ரஹ்மத் அக்கா மௌத்தாயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. வண்டி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." சங்கராபுரம் போகும் வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு டாக்டர் ரஹ்மத்துன்னிசாவைத் தெரியும். கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கும் எங்கள் தனியார் மருத்துவக் கல்லூரியில் அவள் பொது மருத்துவப் பேராசிரியை, நான் அறுவை சிகிச்சைப் பிரிவு. ஒன்றாகப் படித்தோம், ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவள் அப்பா சங்கராபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். வாடிக்கையாளரிடம் பேசிப் பேசி வந்த வாய் அவளுக்கு என்று எங்கள் வகுப்பில் கேலி செய்வோம்.

அடக்கத்தன்று அவள் வீட்டு வாசலுக்கு எங்கள் நிர்வாகத்தார் ஆள் உயர மலர்வளையத்தோடு வந்து இறங்கினார்கள். குறுக்கே கல்லூரியின் பெயர் போட்ட ரிப்பன். தம்பி மெதுவாகச் சொன்னார்: "எங்க வழக்கத்துல இது இல்லீங்க. துஆ பண்ணிட்டுப் போங்க, போதும்." அவர்கள் வளையத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதை மறுபடி கார் மேலேயே கட்டிக்கொண்டு போனார்கள். இத்தனை வருடம் தங்களிடம் வேலை பார்த்த பெண்ணின் வீட்டு வழக்கம் என்னவென்று ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேளுங்கள், கேளுங்கள் என்றுதான் அவள் கடைசிவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

முதல் வருட மாணவர்களைக் காலையில் தன் வார்டுக்கு அனுப்பச் சொல்லி அவள் நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று அனுமதி வாங்கினாள். அவர்களுக்கு ஊசி, மருந்து எதிலும் வேலை கிடையாது. வீட்டுக்குப் போகவிருக்கும் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்க வேண்டும். எங்காவது இடித்தால் வார்டு டாக்டரிடம் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"இதுங்க இன்னும் எலும்புக்கே பேரு மனப்பாடம் பண்ணிக்கினு இருக்குதுங்க. இதுங்களை வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் கட்டில் பக்கத்துல கால் மணி நேரம் உக்கார உனக்கு நேரம் இருக்குதாடி? எனக்கும் இல்ல. அதுங்களுக்கு இருக்குது. அதுவும் வைத்தியம்தான்" என்றாள்.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சின்னப்பொண்ணு என்ற அம்மாள் சர்க்கரை இறங்கி மயங்கி மயங்கி வந்து சேருவார். எங்கள் டாக்டர்கள் மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள், திட்டினார்கள், 'சொன்னபடி சாப்பிடுவதில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். தேன்மொழி என்ற முதல் வருட மாணவி உட்கார்ந்து கேட்டாள். அந்த அம்மாள் சொன்னார்: "சாப்பாட்டுக்கு முன்னாடின்னாங்க கண்ணு. எழுந்ததும் போட்டுக்கினு காட்டு வேலைக்குப் போயிடுவேன். வெயில் ஏறின பொறவு வந்துதான் களி." சொன்னபடியேதான் சாப்பிட்டிருக்கிறார். களி தட்டில் விழுந்த பிறகு மாத்திரை போட்டால் போதும் என்று மாற்றினார்கள். அதன்பின் அவர் மயக்கத்தோடு வரவில்லை. ரஹ்மத் அந்த வரியை எழுதிய டாக்டரைக் கூப்பிட்டு, "எழுதினியே தம்பி, கேட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

இதெல்லாம் யாருக்குப் பொறுக்கும்? ஒரு மாணவியின் அப்பா காரில் வந்து இறங்கி, "டாக்டருக்குப் படிக்க வெச்சேன், ஆயா வேலைக்கு இல்ல" என்று முதல்வர் அறையில் மேசையைத் தட்டினார். மறுநாளே நிறுத்திவிட்டார்கள். முதல் வருடத்திலேயே நோயாளிகளைக் காட்ட வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இருக்கிறதே என்றாள் ரஹ்மத். காட்டினார்கள். கோயிலில் சாமி பார்ப்பது மாதிரி வரிசையில் நிறுத்திக் காட்டிவிட்டு வகுப்புக்கு ஓட்டினார்கள். ஆய்வுக்குழு வந்த அன்று மட்டும் பிள்ளைகளுக்குப் புதுக் கோட்டு மாட்டி, கட்டில் பக்கத்தில் உட்காரவைத்து, வாய் கூசாமல் "இது எங்கள் கல்லூரியின் தனிச் சிறப்பு" என்றார்கள். "கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த நகை மாதிரி ஆயிட்டோம்டி" என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு நைனார்பாளையத்திலிருந்து ஒரு குத்தகை விவசாயி வந்தார். கால் புண்ணுக்குப் பார்த்து, இன்சுலின் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மளிகைக் கடை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். கடைக்காரர் மகள் கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. அத்தனை நாளும் ஊசி இல்லாமல் சர்க்கரை ஏறி, கால் புண் அழுகிவிட்டது. மண்பானைத் தண்ணீரில் டப்பாவோடு வைத்தாலே போதும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் எங்கே வைப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலை எடுத்தது நான்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ரஹ்மத் நின்றிருந்தாள். "ஏதாவது ஒரு புள்ளை, 'தாத்தா, இதை எங்க வெப்பீங்க'ன்னு கேட்டிருந்தா போதும்டி" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாளும் முதல்வரிடம் போய் நின்றாள். அதற்கப்புறமும் போனாள். எனக்கே அவளைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

போன வாரம் இரங்கல் கூட்டம் நடந்தது. பொது மருத்துவத்தில் அதிக மதிப்பெண் வாங்குபவருக்கு அவள் பெயரில் தங்கப் பதக்கமாம். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, பதக்கம் வேண்டாம், காலையில் நாலு பிள்ளைகளை வார்டுக்கு அனுப்புங்கள் என்றேன். "பார்க்கலாங்க" என்றார் முதல்வர். இங்கே வேலை பார்த்த உங்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லூரி ஆண்டு மலருக்கு நீங்கதாங்க எழுதணும். அந்த வார்டு சமாசாரம் மட்டும் வேணாம். நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார். அதை விட்டுவிட்டால் அவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஆகவே இது மலரில் வராது. அவளைத் தெரிந்த உங்களுக்கு நேராகவே அனுப்புகிறேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். என் வார்டிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். நேற்று கல்வராயன்மலையிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வூட்டுக்குப் போயி, மொதல்ல..." என்று ஆரம்பித்தார். தியேட்டரிலிருந்து கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பியிருந்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது.