நிரந்தரமாகக் குடிபெயர்ந்தார்

வாக்காளர் பட்டியலைத் திருத்தும் வேலைக்கு எங்கள் பகுதியில் என்னைப் போட்டிருந்தார்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர் மங்கலத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கி, சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அலுத்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். ஆனால் அந்த வேலையில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. பள்ளியில் கொடியேற்றும் நாட்களில் பிள்ளைகளுக்குச் சொல்வதை நானே ஒருமுறை செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு கூடவே நடந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் பிடிக்கிற வேலை. எந்த லைன் வீட்டில் எந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். வடக்கத்திப் பையன்களிடம் இந்தியில் பேசிப் படிவம் வாங்கித் தந்ததும் அவள்தான்.

எங்கள் பழக்கம் பதினேழு வருஷம். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, என் கூடப் பிறந்தவர்கள் பார்த்துவிட்டுப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் பதினொரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரித் தரையில் படுத்திருந்தாள். அவள் புருஷன் சிவகாசிப் பக்கத்துக்காரர், டெய்லராக இருந்து இறந்துபோனார். ஒரே மகள் நர்சிங் படித்து முடித்திருந்தாள். தன் சொந்த ஊர் ராமநாதபுரத்துக் கடற்கரை என்று தாய்க்காரி சொல்வாள். எப்போதாவது ஒரு வார்த்தை வேறு மாதிரி விழும். கடற்கரைப் பேச்சு அப்படித்தான் போல என்று விட்டுவிடுவேன்.

இருபது வருஷத்துக்கு முந்தைய பழைய பட்டியலில் அவரவர் பெயரையோ, பெற்றோர் பெயரையோ காட்ட வேண்டும் என்பது விதி. விசைத்தறியில் நூல் போடும் ஒரு பெரியவரால் அதைக் காட்ட முடியவில்லை.

"ஏனுங் அம்மிணி, நானென்ன வேத்து நாட்டுக்காரனா? இத்தன வருசமா இங்கதான கெடக்கறேன்" என்றார்.

"ரூல்ஸ்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க ஐயா" என்று சொல்லி, ஆதாரம் இல்லை என்று குறித்தேன். அவள் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மிச்ச வீடுகளுக்கு வராமல், வேலையிருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டாள்.

கடைசியில் திரும்பி வராத படிவம் அவளுடையது மட்டும்தான். "என்ன புள்ள, ஊரு பூரா வாங்கியாச்சு, உன்னுது எங்கே?" என்று கேட்டுக்கொண்டே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நான் இஞ்ச பிறக்கேல்ல" என்றாள்.

எனக்கு முதலில் பேச்சுதான் உறைத்தது, செய்தி அப்புறம்தான்.

"மன்னார்ப் பக்கம். ஏழு வயசில அம்மாவோட வள்ளத்தில வந்தனான். முகாமிலதான் வளந்தன். அவரைக் கட்டினாப் பிறகு அங்க திரும்பிப் போகேல்ல. ரேசன் காட், ஓட்டுக் காட் எல்லாம் அவர்தான் எடுத்துத் தந்தவர்."

ஒவ்வொரு தேர்தலிலும் எனக்கு முன்னால் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவள் அவள். விரல் மையை எனக்குக் காட்டிச் சிரித்தவள்.

"அவரின்ர சித்தப்பாவும் சித்தியும் பழைய லிஸ்ட்டில இருக்கினம். ரெண்டு பேரும் இப்ப உயிரோட இல்லை. அவையளை என்ர அம்மா அப்பாவெண்டு எழுதிவிடுங்கோ. ஒரு பேர்தானே அக்கா."

"யோசிச்சுச் சொல்றேன் புள்ள" என்று எழுந்து வந்துவிட்டேன். அவளிடம் நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான்கு நாள் அந்தப் படிவம் என் பையில் கிடந்தது. அவள் சொன்னபடி எழுதினால் பொய்க்குக் கீழே என் கையெழுத்து. அந்தப் பெரியவரின் முகம் முன்னால் வந்து நின்றது. அவருக்கு ஒரு விதி, இவளுக்கு ஒரு விதியா? உள்ளதை எழுதலாம் என்றால் ஆஸ்பத்திரித் தரை ஞாபகம் வந்தது. வகுப்பில் பாடம் நடத்தும்போதும் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டையும் செய்யவில்லை. 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தார்' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். பெயர் சத்தமில்லாமல் நீங்கிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பத்தடி தூரத்தில் குடியிருக்கிறவளைப் பற்றி அப்படி எழுதினேன். நாட்டுக்கும் பொய், அவளுக்கும் துரோகம்.

அவளிடம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள். "பரவாயில்ல அக்கா, ஓட்டு இல்லாட்டி என்ன."

சில மாதத்தில் மகளுக்கு வளைகுடாவில் வேலை அமைந்தது. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், குடிபெயர்ந்ததாகப் பட்டியல் சொல்லும் தாய் வீட்டிலேயே இருப்பதைப் பார்த்தார். அங்கிருந்து தோண்டத் தோண்ட எல்லாம் வந்துவிட்டது. நான் காப்பாற்றுவதாக நினைத்து எழுதிய வரிதான் அவர்களைத் தோண்ட வைத்தது.

என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பக்கத்து ஊடுதானுங்களே டீச்சர், குடிபோயிட்டாங்கன்னு எப்படி எழுதுனீங்க? இவங்கள நல்லாத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"அவ்வளவா பழக்கமில்லீங்க சார். ஊடு பூட்டியிருந்துச்சு, அதான்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நம்ப முடிவதில்லை.

அவளைக் காவல் போட்ட சிறப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். வழக்கு நடக்கிறது. தாய் யார் என்று தெரிந்ததும் மகள் எந்த நாட்டவள் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. பாஸ்போர்ட் நின்றுபோனது. மகள் இப்போது வேறொரு பனியன் கம்பெனியில் தைத்த பீஸ்களை அடுக்குகிறாள். பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறாள். எனக்கு ஒரு விளக்கக் கடிதத்தோடு முடிந்தது.

ஒருமுறை முகாமுக்குப் போனேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள்.

"வாங்க டீச்சர். இவ்வளவு தூரம் எதுக்குங்க சிரமப்பட்டீங்க?"

"மன்னிச்சுரு புள்ள" என்றேன்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க. உங்க வேலைங்க அது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கொண்டுபோன துணிகளை வாங்கிக்கொள்ளவில்லை. மகளிடம் கொடுத்துவிடச் சொன்னாள். மகள் என்னோடு பேசுவதில்லை என்பதை நான் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில் இப்போது பீகார்க் குடும்பம் ஒன்று குடிவந்திருக்கிறது. அந்தப் பெண் காலையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் உள்ளே போய்விடுகிறேன்.