வெள்ளைச் சிலையும் ஒரு கேன் தண்ணீரும்

தொண்ணூற்றேழோ எட்டோ, சரியாக நினைவில்லை. அமெரிக்காவில், மில்பிடாஸில் மகன் வீட்டில் இருந்தேன். அன்று மாலை கோயிலில் பேத்திக்கு முதல் சோறு. என் மடியில் வைத்து நான்தான் ஊட்ட வேண்டும். அதற்காகவே ஊரிலிருந்து வந்திருந்தேன்.

நேரமிருக்கிறதென்று மகன் எங்களைச் சான்பிரான்சிஸ்கோ மியூசியத்துக்குக் கூட்டிப் போனான். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊர் ஒன்றில் தோண்டியெடுத்தவற்றை அங்கே வைத்திருந்தார்கள். மருமகள் குழந்தையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே விளக்கு, சட்டி, மாவரைக்கும் கல். அந்தக் கல்லை ஒருமுறை சுற்றிப் பார்க்கக் கை பரபரத்தது. அடுத்த அறையில் ஓர் ஆள் முகத்தைப் பொத்திக் குந்தியிருந்தான். வெள்ளைச் சிலை.

"சிலை இல்லப்பா. செத்த ஆளு. பாடி மக்கிப்போன குழில பிளாஸ்டர் ஊத்தி எடுத்திருக்காங்க."

"எலும்பு?"

மகன் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தான். "உள்ளயே இருக்காம்."

வாலிபத்தில் கிணறு வெட்டப் போவேன். ஒருமுறை மண் சரிந்தது. கூட வெட்டியவனைத் தோண்டி எடுத்தபோது இப்படித்தான் முகத்தைப் பொத்தியிருந்தான். வாய்க்காலில் முங்கிவிட்டுத்தான் அன்று வீட்டுப் படி ஏறினேன்.

அப்புறம் எதையும் பார்க்க முடியவில்லை. வெளியே வந்தேன்.

"மாமா, பாப்பாவ கொஞ்சம் வாங்கிக்கங்க."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"பாப்பா மேல என்னங்க மாமா கோவம்?"

"பொணத்தப் பாத்துட்டேன் கண்ணு. வீட்டுக்குப் போயித் தலைக்கு ஊத்திக்கறேன்."

"அப்பா! வீட்டுக்குப் போனா டிராஃபிக்ல மாட்டிக்குவோம். டைம் போயிரும். அவன் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு!"

"அத்தன வருசமா அவனுக்கு ஆரும் ஒரு சொம்பு ஊத்துலியேடா."

கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தோம். மருமகள் குழந்தையைக் கார் சீட்டில் கட்டிவிட்டு, டிக்கியைத் திறந்து தண்ணீர் கேனை எடுத்தாள்.

"குனிங்க மாமா."

கடல் காற்று வேறு. பல் தந்தியடித்தது.

"நீங்களும் வாங்க" என்றாள் புருஷனிடம்.

"ஏய், புதுச் சட்டை!"

"சட்டைக்குத் தீட்டு இல்லியா? நீங்களும்தான உள்ள போனீங்க?"

அவன் குனிந்தான்.

கோயிலில் என் வேட்டி இன்னும் காயவில்லை. ஈரம் பட்டுப் பாப்பா நெளிந்தாள். ஊட்டிய சோற்றில் பாதியை என் கையிலேயே துப்பினாள். அதை நான் தின்றேன்.