பாதிச் சுருட்டு

எங்கள் பக்கத்தில் ஒருவன் சுருட்டைப் பற்ற வைத்துவிட்டால் அது முழுதாக அவனுடையது இல்லை. பக்கத்தில் இருக்கிற யாராவது "பாதி" என்று ஒரு சொல் சொன்னால் போதும். பாதி வரைக்கும் இழுத்துவிட்டு மீதியைக் கொடுத்தே ஆக வேண்டும். கேட்டது ஆணா பெண்ணா, உறவா அசலா என்று யாரும் பார்ப்பதில்லை. கொடுக்காதவனைக் கஞ்சப்பயல் என்று ஊர் பேசும். கேட்டவளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். டோர்க்காஸ் இத்தனை வருஷம் உயிரோடு நடமாடியது அந்த ஒரு வழக்கத்தின் புண்ணியத்தில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

மலைநாட்டில் கொரோக்கா நகரத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற காப்பிக்கொட்டை ஆலையில் அவளுக்குக் கொட்டை பொறுக்குகிற வேலை. ஓடுகிற பட்டையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கறுத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ள வேண்டும். கண் பூத்துப்போகிற வேலை. அவள் புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு லே துறைமுகத்துக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு தங்கிவிட்டான். சரி, தொலைந்தான் என்று விட முடிகிறதா? இவளுக்குப் பரிசமாக அவன் ஆட்கள் கொடுத்த பன்றிகளை இவளுடைய அண்ணன்மார் என்றைக்கோ தின்று செரித்துவிட்டார்கள். திருப்பிக் கொடுத்துக் கல்யாணத்தை முறிக்க அவர்களிடம் ஒரு வால்கூட மிச்சமில்லை. ஆகவே, புருஷன் இல்லாமலேயே அவள் அவனுடைய பெண்டாட்டி. வேறொரு ஆண்பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினாள் என்று தெரிந்தால் புருஷன் வீட்டார் பஞ்சாயத்து வைப்பார்கள். அந்த ஆணின் குலமே அபராதமாகப் பன்றி கட்டி அழ வேண்டும், அவளுக்கு அடி உதை தனி. நியாயம் என்று இதைச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி என்ன சொல்ல.

யானெபா அதே ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன். பள்ளத்தாக்கின் மேல்பக்கத்து ஆள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. இடைவேளை மணி அடித்ததும் உமிக் குவியலுக்குப் பின்னால் இருக்கிற சவுக்கு மரத்தடிக்குப் போவான். இடுப்பிலிருந்து புகையிலையை எடுத்து, செய்தித்தாளைக் கிழித்துச் சுருட்டுவான். டோர்க்காஸ் ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்து, அவன் தீக்குச்சி கிழிப்பதற்கு முன்பே "பாதி" என்பாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஊரே வந்து பார்த்தாலும் ஒன்றுமில்லை. இவள் பாதி கேட்டிருக்கிறாள், பாதி வரக் காத்திருக்கிறாள்.

அந்தக் காத்திருப்பில்தான் அவள் ஆயுசு ஓடியது. மழையைப் பற்றிப் பேசுவார்கள். எந்தப் பாலம் உடைந்தது, யார் வீட்டுத் தோட்டத்தில் பன்றி புகுந்தது, கிழங்கு இந்த வருஷம் ஏன் சிறுத்துப்போச்சு என்று பேசுவார்கள். பாதி ஆனதும் யானெபா வாய் வைத்த நுனியைக் கட்டை விரலால் துடைத்து, லேசாக அழுத்திச் சப்பையாக்கி நீட்டுவான். துடைக்காமல் கொடுத்தால் என்ன என்று அவளுக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். உண்மையைச் சொன்னால் புகையிலை அவளுக்கு ஒத்துக்கொண்டதே கிடையாது. நெஞ்சு கரிக்கும், கண்ணில் தண்ணீர் வரும். அந்த மனுஷன் உதட்டுச் சூடு ஆறுவதற்குள் தன் உதட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இப்படி இருந்த இடத்தில்தான் சட்டம் வந்து குதித்தது.

சட்டம் புதிது ஒன்றும் இல்லை. தலைநகரத்தில் எப்போதோ போட்டு மூலையில் வைத்திருந்தார்கள். வேலை செய்கிற இடத்திலும் நாலு பேர் கூடுகிற இடத்திலும் புகைக்கக் கூடாது என்பதுதான் அது. இந்த வருஷம் திடீரென்று ஞானம் பிறந்து, அமல்படுத்த ஒரு வண்டி நிறைய அதிகாரிகள் கிளம்பி வந்தார்கள். ஆலை முற்றத்தில் எல்லோரையும் நிறுத்தி ஒலிபெருக்கியில் விளக்கினார்கள். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் பிடிபட்டால் ஒரு நாள் கூலி போகும். மூன்றாம் தடவை வேலையே போகும்.

"ஐயா, எங்க வீட்டு அடுப்புப் பொகைக்கும் அபராதம் உண்டா?" என்று மூட்டைக்காரர் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அடுப்பு வேலைசெய்யிற இடம் இல்ல."

"யாரு சொன்னா? என் பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க."

முற்றமே சிரித்தது. பேசிய அதிகாரியும் சிரித்துவிட்டார். அவர் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஊருக்குள் இதைவிட ரகளை. பேருந்து நிலையத்தில் புகைத்த ஒருவனைப் பிடித்தபோது, அவனிடம் பாதி சொல்லி வைத்திருந்த ஆறு பேர் சேர்ந்து, எங்கள் பங்கு என்னாவது என்று காவலரை வழிமறித்தார்களாம்.

எல்லோரும் எதிர்த்தார்கள் என்று சொன்னால் பொய். பட்டையில் டோர்க்காஸுக்குப் பக்கத்தில் உட்கார்கிற சேரா கை தட்டினாள். அவள் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு.

"என் புள்ள மூச்சு விட முடியாம கிடந்தப்ப இந்த ஆம்பளைங்க அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலயே ஊதிட்டு நின்னானுங்க. நல்லா வேணும் இவனுங்களுக்கு," என்றாள்.

அவள் சொன்னதில் என்ன தப்பு? டோர்க்காஸுக்கும் அது நியாயம் என்றுதான் பட்டது. நியாயமாக இருப்பதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. அநியாயமாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஆலை வாசலில் காவலுக்கு நிற்கிறவன் கிப்சன். டோர்க்காஸின் புருஷனுக்குக் கூடப்பிறந்த தம்பி. அவனுக்குப் புதுச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்து, புகைக்கிறவர்களைப் பிடி என்று சொல்லிவிட்டார்கள். பிறகு கேட்க வேண்டுமா? கழிப்பறைக்குப் பின்னாலும் லாரிக்கு அடியிலும் விசிலை ஊதிக்கொண்டு புகுந்து புறப்பட்டான். தன் காவல் கூண்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இவன் ஊதுவது மட்டும் யார் கணக்கிலும் வராது.

யானெபா முதல் தடவை பழக்க தோஷத்தில் மாட்டினான். இரண்டாவது தடவை மாட்டியதைத்தான் டோர்க்காஸால் மறக்க முடியவில்லை. அன்றைக்குப் பட்டை நிற்கத் தாமதமாகி, அவள் வெளியே வர நேரமாகிவிட்டது. பாதி வரை இழுத்தவன் மீதியைக் கீழே போட்டு மிதித்திருந்தால் தப்பியிருப்பான். விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, அவள் வருகிற வழியைப் பார்த்து நின்றிருக்கிறான். கிப்சன் கையும் களவுமாகப் பிடித்தான்.

அதன் பிறகு புகைக்கிற ஆண்கள் எல்லாம் இடைவேளையில் வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போனார்கள். அங்கே சில்லறை சிகரெட் விற்கிறவளுக்கு யோகம் அடித்தது, மேசைக்குக் குடையே வாங்கிப் போட்டுவிட்டாள். பாதி கேட்பதற்கென்றாலும் பெண்கள் அந்த ஆண்கள் கூட்டத்துக்குள் போய் நிற்க முடியாது. டோர்க்காஸ் கம்பி வேலிக்கு உள்ளே நின்று பார்ப்பாள். யானெபா சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நாளில் அவன் கையில் சுருட்டு இல்லை. சும்மா உட்கார்ந்து வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டானே, அப்படியானால் இத்தனை காலம் எதற்காக இழுத்தான் என்று அவள் யோசித்தாள். யோசித்த இடத்தில் கிடைத்த பதில் அவளைக் கிழங்கு தின்னவிடவில்லை. பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவன் குரலைக் கேட்க வேண்டும், மழையைப் பற்றியாவது கேட்க வேண்டும். ஆனால் கேட்பதற்குப் பாதி இல்லையே. பாதி இல்லாமல் அவன் பக்கத்தில் உட்கார அவளுக்கு என்ன முகாந்திரம்?

"என்னக்கா, ஒரேடியா எளச்சிட்ட? பொகைக்கு ஏங்குறியா, ஆளுக்கு ஏங்குறியா?" என்று சேரா கறுத்த கொட்டையைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"வாய மூடிட்டுக் கொட்டையப் பாரு."

"நான் பாத்துட்டுதான் இருக்கேன். நீதான் நல்லதையெல்லாம் தள்ளிவிட்டுட்டு இருக்க."

டோர்க்காஸ் குனிந்து பார்த்தாள். உண்மைதான். நல்ல கொட்டையாகப் பார்த்துத் தள்ளியிருந்தாள்.

மழைக்காலம் தொடங்கின ஒரு நாள். இடைவேளை மணி அடித்ததும் கால் தன்பாட்டுக்குச் சவுக்கு மரத்தடிக்கு அவளை இழுத்துப் போனது. யாரும் இருக்கமாட்டார்கள், கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். யானெபா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான். கையில் தாளும் இல்லை, புகையிலையும் இல்லை. அவள் நின்றாள். பிறகு பழைய இடத்தில், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தாள்.

"சாலைக்குப் போகலியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"இங்க எதுக்கு வந்தீங்க? பொகையிலைகூடக் கொண்டு வரலியே."

"சும்மாதான் வந்தேன்."

சும்மா. இந்தச் சொல் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லாத சொல். ஒரு மூட்டைக்காரன் ஒரு பெண் வந்து உட்காருகிற இடத்துக்குச் சும்மா வருவது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"நானும் சும்மாதான் வந்தேன்," என்றாள்.

கையில் சுருட்டு இருந்த காலத்தில் ஊர்ப் பேச்செல்லாம் பேசியவர்கள், இப்போது வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் உமிக் குவியலைச் சுற்றிக்கொண்டு கிப்சன் வந்தான்.

வந்தவன் விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை. இரண்டு பேர் கையையும் பார்த்தான். தரையைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். கூண்டுக்குள் ஊதி ஊதிச் செத்துப்போன மூக்கு அது. புகை இருக்கிறதா இல்லையா என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் வேறொன்று மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது, அது அவன் முகத்தில் தெரிந்தது.

"அண்ணி, இங்க என்ன பண்றீங்க?"

டோர்க்காஸ் மடியில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினாள்.

"உங்களத்தான் கேக்குறேன். பொகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவன்கூட என்ன உக்காந்து பேச்சு? எங்கண்ணன் லேயில கெடக்கான், கேக்க நாதியில்லன்னு நெனச்சீங்களா?"

அவள் கண்ணுக்கு எதிரே எல்லாம் வந்து போனது. பஞ்சாயத்து, கத்தி கம்போடு வருகிற கொழுந்தன்மார், யானெபாவின் அண்ணன் தம்பி ஓட்டிக்கொண்டு வரவேண்டிய பன்றிகள், தெருவில் தன் தலைமுடியைப் பிடித்து இழுக்கப்போகிற கைகள்.

யானெபா எழுந்து நின்றான்.

"பொகைச்சேன் கிப்சன்," என்றான். "நீ வர்றதுக்கு முன்னாடிதான் முடிச்சேன். துண்ட உமிக்குள்ள பொதச்சிட்டேன்."

கிப்சன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இது உனக்கு மூணாவது."

"தெரியும்."

"வேலை போயிடும்டா."

"தெரியும்னு சொல்றேன்ல. அந்தம்மா பாதி கேட்டாங்க, நான் குடுக்கல. அவங்கள விட்டுரு."

கிப்சனின் தலைக்குள் ஓடிய கணக்கு டோர்க்காஸுக்கு நன்றாகத் தெரிந்தது. அண்ணன் பெண்டாட்டி விவகாரம் என்றால் சாட்சி தேட வேண்டும், ஊரைக் கூட்ட வேண்டும், தன் வீட்டு மானமும் கொஞ்சம் சேர்ந்து போகும். இதுவோ கைமேல் கிடைத்த கேஸ், மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுப்பார். பாதி கேட்டாள் என்றால் அது குற்றமும் இல்லை. அவன் முகம் இளகிக்கொண்டு வந்தது.

யானெபா அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. சாயங்கால லாரியில் ஏறி மேல்பக்கத்துக்குப் போய்விடுவான். வேலை இல்லாதவனுக்கு இங்கே என்ன இருக்கிறது? அவள் நாளைக்கும் பட்டையில் உட்கார்ந்து கொட்டை பொறுக்குவாள். அவள்மேல் ஒரு சொல்லும் இருக்காது. சுருட்டு நுனியைத் துடைப்பது மாதிரி இதையும் அவன் பார்த்துப் பார்த்துத் துடைத்துவிட்டான். அந்தத் துடைப்பை அவளால் பொறுக்க முடியவில்லை.

"பொய் சொல்றாரு," என்றாள் டோர்க்காஸ்.

கிப்சன் திரும்பினான். யானெபாவின் முகம் வெளிறியது.

"குடுத்தாரு. பாதி நான்தான் இழுத்தேன்."

கிப்சனுக்கு ஒரே சந்தோஷம். ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்துவிட்டது. அண்ணியாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு விசிலை ஊதினான். ரெண்டு பேரும் ஆபீசுக்கு நடங்க என்றான்.

உமிக் குவியலிலிருந்து ஆபீசுக்கு முற்றத்தை முழுக்கக் கடந்து போக வேண்டும். தார்ப்பாயில் காயப்போட்ட கொட்டையை மழைக்கு முன் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூட்டைக்காரர்கள் பார்த்தார்கள். பொறுக்குகிற பெண்கள் சன்னல் ஓரம் வந்து நின்று பார்த்தார்கள். டோர்க்காஸும் யானெபாவும் அத்தனை பேர் கண்ணுக்கு எதிரே தோளோடு தோளாக நடந்தார்கள். அவளுடைய கொழுந்தனே பின்னால் காவலாக வந்தான். மாட்டிக்கிட்டாங்க பாவம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வேறு விதமாக ஒரு வார்த்தையும் யாரும் சொல்லவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் யானெபா, உதடு அசையாமல். "நான்தான் உன்ன விடச் சொன்னேன்ல. எதுக்கு அப்படிச் சொன்ன?"

ஆபீஸ் கதவு தெரிந்தது. தூறல் விழத் தொடங்கியிருந்தது. அவன் தோள் அவள் தோளில் ஒருமுறை பட்டது, அவள் விலகவில்லை.

"பேசாம வாங்க," என்றாள். "மெதுவா நடங்க."

அவன் மெதுவாக நடந்தான்.