எல்லாவற்றுக்கும் ஆமா

அவள் விரல்கள் பெரியவரின் முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடின. கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்குத் தட்டுப்படும் நரம்பே நல்லது. அமுக்கினால் துள்ளி மேலே வரவேண்டும். கிடைத்தது. நாலு விரற்கடை மேலே ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஈரம் காயும்வரை பொறுத்தாள். ஊசி போனதே தெரியவில்லை. டியூபில் ரத்தம் நிறைந்ததும் பட்டையை அவிழ்த்து, அதன் பிறகே ஊசியை உருவினாள். அதற்கு மூடி போடாமல் நேரே ஊசி டப்பாவில் போட்டாள். கட்டிலருகிலேயே நின்று டியூபில் பெயர் ஒட்டினாள். ரத்தம் எடுப்பதில் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வார்டில் அவளுக்குக் கொசு அக்கா என்றுதான் பெயர்.

பஞ்சை அமுக்கியபடி, வலித்ததா என்று கேட்டாள். "ஆமா" என்றார்.

"எத்தனை பிள்ளைங்க ஐயா?"

"ஆமா."

குறும்புக்காரக் கிழவர் என்று சிரித்துக்கொண்டே டியூபை லேபில் கொடுத்தாள். கை கழுவும்போதுதான் சுருக்கென்றது. குத்தும் முன் பரிசோதனைச் சீட்டிலிருந்த பெயரைப் படித்து, "நீங்கதானே?" என்று கேட்டிருந்தாள். அதற்கும் அவர் ஆமா என்றிருந்தார். பெயர் நோயாளியின் வாயிலிருந்து வரவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையையும் பார்க்கவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தாள். வேறு பெயர். சீட்டுக்கு உரிய லாரி டிரைவர், காற்றுக்காகக் கட்டில் மாறி ஜன்னலோரம் படுத்திருந்தார். பெரியவர் நாற்பது வருஷம் அச்சகத்து இயந்திரச் சத்தத்தில் நின்று காதைத் தொலைத்தவர். அதைச் சொல்ல வெட்கப்பட்டு எதற்கும் ஆமா போடுவார்.

டிரைவருக்கு மறுநாள் காலை ஆபரேஷன். ஏற்றப்போகும் ரத்தத்தைப் பொருத்திப் பார்க்கத்தான் அந்த சாம்பிள். பொருந்தாத ரத்தம் ஏறினால் மனிதர் மேசையிலிருந்து எழுந்திருக்கமாட்டார்.

அவள் லேபுக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும், அங்கே இருந்தவர் நல்ல மனசோடுதான் யோசனை சொன்னார். "இதைக் கொட்டிட்டு சத்தமில்லாம வேற எடுத்துட்டு வாங்கக்கா. நோட்டுல எழுதவேணாம். இத்தனை வருஷத்துல உங்க பேர்ல ஒரு கரும்புள்ளி விழல."

"எழுதலைன்னா நாளைக்கு இன்னொருத்தி அதே ஆமாவை நம்புவா, தம்பி."

தவறுகளை எழுதும் நோட்டில் தன் பெயரைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். பிறகு டிரைவரிடமும் அவர் மனைவியிடமும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"இந்தத் தடவ நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றாள் டிரைவரின் மனைவி.

"நில்லுங்க தங்கச்சி. நான் ஒட்டுறத நீங்களும் படிச்சுப் பாருங்க."

டிரைவர் தன் பெயரைத் தானே சொன்னார். அவள் பெயர்ப்பட்டையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள். பெரியவரின் காதருகே குனிந்து, வீணாகக் குத்தியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை அவள் முதல் ஆளாக வார்டுக்கு வந்து, பெரியவரின் தலைமாட்டில் ஓர் அட்டையைக் கட்டினாள்: "காது கேட்காது. பெயர்ப்பட்டையைப் பார்க்கவும்." டிரைவரைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது, ரத்தப் பையின் எண்ணையும் அவர் பெயரையும் இரண்டு நர்ஸ்கள் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்கள். அவள் தன் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போனாள்.